அமெரிக்கப் பல்கலைக்கழக போலீஸ்: நிஜ போலீஸா, யூனிஃபார்ம் போட்ட செக்யூரிட்டியா?

சேலம்_சித்ரா

எல்லோருக்கும் வணக்கம். என் பெண்ணுக்கு டெக்சாஸில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் கிளம்புகிறாள். அங்கிருந்து வந்து குவிகிற மின்னஞ்சல்களில் ஒன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் போலீஸ் துறையிடமிருந்து. அவசர எண், மொபைல் ஆப், இரவில் துணைக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடு என்று என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். இது ஊர் போலீஸா, காலேஜ் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் வாட்ச்மேனா? "அதெல்லாம் செக்யூரிட்டிதான்க்கா, பேர்தான் பெரிசு" என்கிறான் என் தம்பி. பெண்ணோ, "அம்மா, அவங்க துப்பாக்கி வெச்சிருப்பாங்க" என்கிறாள். படிக்கிற இடத்தில் துப்பாக்கி எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆஸ்டின்_முருகேசன்

அக்கா, உங்கள் பெண் சொல்வதுதான் சரி. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களின் போலீஸார் மாநிலச் சட்டப்படி முழு போலீஸ். ஊர் போலீஸுக்கு உரிமம் கொடுக்கும் அதே மாநில ஆணையம்தான் இவர்களுக்கும் கொடுக்கிறது. கைது செய்யலாம், வழக்குப் போடலாம், துப்பாக்கி வைத்திருப்பார்கள். வளாகச் சுவரோடு அதிகாரம் முடிந்துவிடுவதும் இல்லை. பல்கலைக்கழகத்துக்குச் சொத்து இருக்கும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுவதும் செல்லும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக போலீஸுக்கு வளாக எல்லையிலிருந்து ஒரு மைல் வரை என்று கணக்கு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

எதற்குத் துப்பாக்கி என்று கேட்டீர்கள். எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. 1966 ஆகஸ்ட் 1 அன்று ஆஸ்டின் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியில் ஒருவன் துப்பாக்கியோடு ஏறி உட்கார்ந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் கீழே போனவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தான். பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். வளாகக் காவலர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் மேலே ஏறி அவனைச் சுட்டது நகரப் போலீஸ்காரர்கள்தான். அடுத்த ஆண்டு, 1967இல், பல்கலைக்கழகங்கள் சொந்தமாகப் போலீஸ் வைத்துக்கொள்ளச் சட்டம் வந்தது.

இந்த வழக்கம் அதற்கும் பழையது. கனெக்டிகட்டில் யேல் பல்கலைக்கழகம் 1894லேயே நியூ ஹேவன் நகரப் போலீஸிலிருந்து இரண்டு பேரைத் தனக்கென்று வாங்கிக்கொண்டது. மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஓயாத அடிதடி, அதனால்.

நான் படித்தது தனியார் கல்லூரியில். அங்கே இருந்தது உங்கள் தம்பி சொல்லும் செக்யூரிட்டிதான்: டார்ச், வாக்கிடாக்கி, அவ்வளவே. எனவே அவரும் முழுக்கத் தப்பில்லை. மத்திய அரசு 2011-12இல் எடுத்த கணக்கெடுப்பில், அரசுப் பல்கலைக்கழகங்களில் 92 சதவீதம் கைது அதிகாரமுள்ள போலீஸ் வைத்திருந்தன, தனியாரில் 38 சதவீதம்தான். 2,500 மாணவர்களுக்கு மேல் உள்ள நான்காண்டுக் கல்லூரிகளின் கணக்கு அது.

தாளிப்பு_தங்கம்

உங்கள் பெண் கேம்பஸ் போலீஸை முதலில் பார்க்கப்போவது துப்பாக்கிச் சண்டையில் இல்லை சித்ரா, சமையலறையில். பல்கலைக்கழக அபார்ட்மென்டில் எண்ணெயைக் காயவைத்து வரமிளகாய் தாளித்தால் ஸ்மோக் அலாரம் அலறும். கட்டடமே காலி. நைட்டியோடு எல்லாரும் புல்தரையில். தீயணைப்பு வண்டிக்கு முன்னால் கேம்பஸ் போலீஸ் கார் வந்து நிற்கும். "வாட் ஆர் யூ குக்கிங், மேம்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். மறுபடி மறுபடி நடந்தால் ஹவுசிங் ஆபீஸில் அபராதம் போடுவார்கள், அதில் சிரிப்பு கிடையாது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுத் தாளிக்கச் சொல்லுங்கள்.

டிஸ்பாட்ச்_தேவி

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு பல்கலைக்கழக போலீஸ் துறையில் டிஸ்பாட்சர். ஊர் பேர் வேண்டாம். தொலைபேசி எடுப்பது, ரேடியோவில் ஆள் அனுப்புவது, அலாரம் பலகையையும் கேமரா திரைகளையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. நாங்கள் போலீஸ் இல்லை, ஆனால் எங்களைத் தாண்டி எந்த போலீஸும் எங்கும் போவதில்லை.

துறைக்குள் எல்லாரும் ஒரே வகை இல்லை. பேட்ஜும் துப்பாக்கியும் உள்ளவர்கள் ஒரு பக்கம்: ரோந்து, துப்பறிவோர், சார்ஜென்ட், லெப்டினன்ட், மேலே சீஃப். இன்னொரு பக்கம் கைது அதிகாரம் இல்லாத செக்யூரிட்டி ஊழியர்கள், நூலக வாசலில் அடையாள அட்டை பார்க்கிறவர்கள். அப்புறம் மணிக்கூலிக்கு வேலை செய்யும் மாணவர்கள். ராத்திரி துணைக்கு நடந்து வருவதும் கோல்ஃப் கார்ட்டில் கொண்டுவிடுவதும் பெரும்பாலும் இவர்கள்தான். பார்க்கிங் அபராதம் போடுவது அநேக இடங்களில் வேறு துறை. ஆனால் திட்டு எங்களுக்கு வரும்.

சீஃப் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது முக்கியம். ஊர் போலீஸ் தலைவர் மேயருக்கோ நகர மேலாளருக்கோ பதில் சொல்வார். பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் நிர்வாகமோ நிதியோ பார்க்கும் துணைத் தலைவருக்கு. அதாவது கட்டடம், பட்ஜெட், போலீஸ் எல்லாம் ஒரே மேஜையில். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் பல விஷயம் புரியும்.

ஒரு ராத்திரி எப்படிப் போகும் என்று கேட்டால்: சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட ஆராய்ச்சி மாணவர். பேட்டரி இறங்கிய கார். லிஃப்டில் மாட்டியவர்கள். திருட்டுப்போன ஸ்கூட்டர். குடித்துவிட்டு விழுந்துகிடக்கும் பையன், பக்கத்தில் பயந்துபோன நண்பர்கள். "நான் இனி இருக்க விரும்பவில்லை" என்று ரூம்மேட் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள் என்று அழுதுகொண்டே ஒரு அழைப்பு. இந்தக் கடைசி வகைக்குத்தான் எங்கள் நேரமும் மனசும் அதிகம் போகிறது. சில துறைகளில் இப்போது ஆற்றுப்படுத்துநரையும் (கவுன்சிலர்) போலீஸோடு சேர்த்து அனுப்புகிறார்கள்.

இந்தியாவிலிருந்து வரும் அழைப்பு தனி ரகம். "என் பொண்ணு நேத்துலேர்ந்து ஃபோன் எடுக்கல." தேர்வு வாரத்தில் இது வராத நாள் குறைவு. நாங்கள் பெயர், பிறந்த தேதி, கடைசியாக எப்போது பேசினீர்கள், மனசு சரியில்லாமல் இருந்தாளா என்று கேட்போம். ஒரு ஆபீசர் போய்க் கதவைத் தட்டுவார். பத்துக்கு ஒன்பது தடவை தூக்கக் கலக்கத்தோடு ஒரு முகம் எட்டிப் பார்க்கும். "உங்கள் அம்மாவைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் வந்துவிடுவார். பத்திரமாக இருக்கிறாள் என்று உங்களிடம் சொல்வோம். யாரோடு இருந்தாள், எங்கே போயிருந்தாள் என்பதைச் சொல்ல மாட்டோம், கேட்டுப் பயனில்லை.

இதற்கு 911 உதவாது, இந்தியாவிலிருந்து அது எங்களுக்கு வராது. கேம்பஸ் போலீஸின் பத்து இலக்க எண்ணை +1 சேர்த்து உங்கள் ஃபோனில் போட்டுக்கொள்ளுங்கள். பெண்ணின் ஃபோனிலும் போடச் சொல்லுங்கள். மொபைலிலிருந்து 911 அடித்தால் பல இடங்களில் அழைப்பு முதலில் நகர மையத்துக்குப் போய், அங்கிருந்துதான் எங்களுக்கு மாற்றப்படும். அவள் 911 அடிக்கத் தயங்க வேண்டாம், ஆனால் "நான் கேம்பஸில் இருக்கிறேன்" என்று கட்டடப் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லட்டும். வளாகத்தில் அவசர உதவிக்கான நீல விளக்குக் கம்பங்களைப் பார்ப்பாள். பொத்தானை அழுத்தினால் போதும், எந்தக் கம்பம் என்று எங்கள் திரையில் தெரியும், பேசக்கூட வேண்டாம்.

கேள்விக்குறி

தேவி அக்கா எழுதியது அழகு. ஆனால் படம் பாதிதான். கலிஃபோர்னியாவில் பிஎச்.டி. செய்கிறேன், மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

2011 நவம்பர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம். கட்டண உயர்வை எதிர்த்துத் தரையில் கைகோத்து உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் கேம்பஸ் போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது. செடிக்குப் பூச்சிமருந்து தெளிக்கிற மாதிரி, வரிசையாக. பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. 2015 ஜூலை, சின்சினாட்டி. பல்கலைக்கழக போலீஸ்காரர் வளாகத்துக்கு வெளியே ஒரு காரை நிறுத்தினார். காரணம் முன்னால் நம்பர் பிளேட் இல்லை. ஓட்டிவந்த சாமுவேல் டுபோஸ் என்ற கறுப்பினத்தவர் கையில் ஆயுதம் இல்லை, தலையில் சுடப்பட்டு இறந்தார். பல்கலைக்கழகம் 48.5 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்து, அவருடைய பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பும் தர ஒப்புக்கொண்டது. சுட்டவர் மேல் நடந்த இரண்டு விசாரணையிலும் ஜூரி ஒத்த முடிவுக்கு வரவில்லை, தண்டனை இல்லை. ஒரு பல்கலைக்கழக போலீஸுக்கு ஊர்த் தெருவில் நம்பர் பிளேட் பார்க்கிற வேலை எதற்கு?

சிகாகோ பல்கலைக்கழகம் தனியார் நிறுவனம். அதன் போலீஸ் ரோந்து போகும் பகுதியில் சுமார் 65,000 பேர் வசிக்கிறார்கள், பெரும்பாலானவர்கள் மாணவர்களே இல்லை. அவர்கள் ஓட்டுப் போட்டா அந்த சீஃப் வந்தார்? இண்டியானாவில் நோட்ரே டேம் பல்கலைக்கழக போலீஸின் ஆவணங்களைக் கேட்டு இஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனல் வழக்குப் போட்டது. அது அரசு அமைப்பு அல்ல, தகவல் தர வேண்டியதில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லிவிட்டது. அதிகாரம் அரசுடையது, ரகசியம் மட்டும் தனியாருடையது. நல்ல ஏற்பாடு.

ஆஸ்டின்_முருகேசன்

நோட்ரே டேம் விஷயம் சரிதான். ஆனால் டெக்சாஸ் அந்த ஓட்டையை 2015இலேயே அடைத்துவிட்டது. தனியார் பல்கலைக்கழக போலீஸும் சட்ட அமலாக்கம் சம்பந்தமான தகவலைக் கொடுத்தாக வேண்டும். சித்ரா அக்காவின் பெண் போவது அரசுப் பல்கலைக்கழகம், அங்கே அந்தச் சந்தேகமே இல்லை.

கேள்விக்குறி

டெக்சாஸைப் பற்றியே பேசுவோமா? 2024 ஏப்ரல் 24, உங்கள் ஆஸ்டின். பாலஸ்தீன ஆதரவுப் போராட்டத்துக்கு மாநிலப் போலீஸ் குதிரையிலும் கவசத்திலும் வந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது. கைதுக்குப் போதுமான முகாந்திரம் இல்லை என்று கவுண்டி வழக்கறிஞர் வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். பல்கலைக்கழகத் தலைவர் அறையிலிருந்து ஃபோன் போனால் போதும், யார் வேண்டுமானாலும் வளாகத்துக்குள் வருவார்கள்.

ஆஸ்டின்_முருகேசன்

அதை நான் நியாயப்படுத்தவே இல்லை. ஆனால் அன்று வந்த போலீஸில் பெரும்பகுதி வெளியாள் என்பதையும் பாருங்கள். கேம்பஸ் போலீஸுக்கு மாணவர்களின் முகம் தெரியும், நாளைக்கும் அதே காபிக் கடையில் பார்த்தாக வேண்டும். மாநிலப் போலீஸ்காரருக்கு அந்தக் கவலை கிடையாது. சொந்தப் போலீஸ் இல்லாத இடத்தில் என்ன ஆனது? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்தது கைது அதிகாரம் இல்லாத பாதுகாப்புத் துறை. அதே ஏப்ரலில் இரண்டு முறை நியூயார்க் போலீஸைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். போலீஸ் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் போலீஸ் வராது என்று அர்த்தமில்லை.

கேள்விக்குறி

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் முகம் தெரிந்த போலீஸ்தான் டேவிஸில் ஸ்ப்ரே அடித்தது.

மட்டுறுத்துநர்

இருவருக்கும்: பாலஸ்தீன விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே போலீஸ் துறை எப்படி வேலை செய்கிறது என்பதோடு நிற்போம்.

சேலம்_சித்ரா

படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது, ஆனாலும் நன்றி. எனக்கு ஒரே ஒரு கேள்வி. அவளுக்கு ஏதாவது ஒன்று நடந்தால், காலேஜ் பேர் கெடக்கூடாது என்று மூடி மறைப்பார்களா? நம்மூரில் அதுதானே நடக்கிறது.

டிஸ்பாட்ச்_தேவி

மறைத்திருக்கிறார்கள். அதனால்தான் சட்டமே வந்தது.

1986இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜீன் கிளெரி என்ற முதலாண்டு மாணவி ஹாஸ்டல் அறையிலேயே சக மாணவனால் வல்லுறவு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய கதவுகளை மாணவர்கள் பீட்சா பெட்டியைச் செருகித் திறந்தே வைத்திருந்தார்கள். அங்கே முன்பு நடந்த குற்றங்கள் எதுவும் பெற்றோருக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. அவளுடைய அப்பா அம்மா விடாமல் போராடி 1990இல் மத்தியச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதைக் கிளெரி சட்டம் என்கிறோம். மத்திய அரசின் மாணவர் உதவித்தொகைத் திட்டங்களில் சேர்ந்த எல்லாக் கல்லூரிகளுக்கும் பொருந்தும், அதாவது கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும்.

அதன்படி ஒவ்வொரு அக்டோபர் 1க்குள்ளும் முந்தைய மூன்று ஆண்டுகளின் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். போலீஸ் துறை இருந்தால் தினசரிக் குற்றப் பதிவேடு வைக்க வேண்டும். புகார் வந்த இரண்டு வேலைநாளுக்குள் பதிவு ஏற வேண்டும். கடைசி 60 நாள் பதிவை யார் கேட்டாலும் அலுவலக நேரத்தில் காட்ட வேண்டும், மாணவராக இருக்க வேண்டியதில்லை. நிறைய இடங்களில் இணையத்திலேயே போடுகிறார்கள். ஆபத்து தொடர்கிறது என்றால் வளாகம் முழுவதற்கும் எச்சரிக்கை போக வேண்டும்.

எச்சரிக்கை தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம், 2007 ஏப்ரல் 16. காலை ஏழேகால் வாக்கில் ஹாஸ்டலில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். தனிப்பட்ட தகராறு, சுட்டவன் போய்விட்டான் என்று நினைத்தார்கள். மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26க்கு. கொஞ்ச நேரத்தில் அதே ஆள் வகுப்பறைக் கட்டடத்துக்குள் நுழைந்தான். மொத்தம் 32 பேர் இறந்தார்கள். எங்கள் பயிற்சியில் இன்றும் அந்தக் காலைதான் மணிக்கணக்கோடு பாடம். அதன் பிறகுதான் அவசர அறிவிப்பை உடனே அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்தார்கள். டெக்ஸ்ட் மெசேஜ் எச்சரிக்கையில் அவள் எண் சரியாக இருக்கிறதா என்று முதல் வாரமே பார்க்கச் சொல்லுங்கள். இந்திய எண்ணைக் கொடுத்துவிட்டு மாற்ற மறந்தவர்கள் ஏராளம்.

மறைத்தால் அபராதம் உண்டு. மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 2019இல் 45 லட்சம் டாலர், லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 2024இல் 1.4 கோடி டாலர். பெரிய கல்லூரிகளுக்கு இது பணமா என்றால், இல்லை. ஆனால் செய்தி வெளியே வருகிறதே.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. புகாருக்கு இரண்டு வழி, இரண்டும் தனித்தனி. போலீஸிடம் போனால் குற்ற வழக்கு, அது மாவட்ட வழக்கறிஞர் கைக்குப் போகும். டீன் அலுவலகத்துக்கோ பாலியல் புகார் என்றால் டைட்டில் நைன் அலுவலகத்துக்கோ போனால் பல்கலைக்கழக விசாரணை: எச்சரிக்கை, இடைநீக்கம், வெளியேற்றம். ஒன்றில் தோற்றாலும் மற்றது நடக்கும், இரண்டையும் சேர்த்தும் கேட்கலாம். மாணவர்கள் டீனிடம் சொல்லிவிட்டுப் போலீஸில் சொன்னதாக நினைத்துக்கொள்கிறார்கள். பெயர் வெளியே போகாமல் முதலில் பேச வேண்டுமென்றால் ஆற்றுப்படுத்தும் மையம்தான் இடம். பேராசிரியரிடம் சொன்னால் அவர் மேலே தெரிவித்தாக வேண்டியிருக்கும்.

எஃப்1_ரவி

நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள ஒரு கோணத்தை யாரும் சொல்லவில்லை. கேம்பஸ் போலீஸ் கைது செய்தாலும் அது கைதுதான். கைரேகை மத்திய தகவல்தளத்துக்குப் போகும். அமெரிக்கப் பையனுக்கு ஒரு கடைத் திருட்டு வழக்கு வக்கீல் செலவோடு போய்விடும், விசா மாணவருக்கு அது குடிவரவுப் பிரச்சினை. குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் சேவிஸ் பதிவை (அவர்களைக் கண்காணிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவு) அரசு திடீரென்று முடித்தது. போலீஸ் தகவல்தளத்தில் பெயர் இருந்ததுதான் பலருக்கும் காரணம், வழக்கு தள்ளுபடியானவர்களும் அதில் இருந்தார்கள். நீதிமன்றங்களில் வழக்குக் குவிந்ததும் ஏப்ரல் கடைசியில் அந்தப் பதிவுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அதனால் போலீஸ்காரர் சிரித்துப் பேசுகிறார் என்று எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். மரியாதையாகப் பெயரைச் சொல்லி, அட்டையைக் காட்டி, "நான் போகலாமா?" என்று கேட்கலாம். போகலாம் என்றால் போய்விட வேண்டும். அறைக்குள் வரலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. ஹவுசிங் ஊழியர் ஒப்பந்தப்படி சோதனைக்கு வரலாம். போலீஸுக்கு, அவசர நிலைமை தவிர, வாரண்டோ சம்மதமோ வேண்டும். கைது என்றால் வக்கீல் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு உடனே சொல்ல வேண்டும்.

டிஸ்பாட்ச்_தேவி

ரவி சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு. யாராவது குடித்து நினைவில்லாமல் கிடந்தால் விசாவை நினைத்துக்கொண்டு நிற்காதீர்கள், கூப்பிடுங்கள். டெக்சாஸில் 2011 முதல் இதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவர் குடித்திருந்தாலும், முதலில் உதவி கேட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே இருந்து ஒத்துழைத்தால், குடித்ததற்காக அவர் மேல் வழக்கு வராது.

தாளிப்பு_தங்கம்

சித்ராவுக்கு இன்னொரு அதிர்ச்சி பாக்கி இருக்கிறது. டெக்சாஸில் போலீஸ் மட்டுமல்ல, உரிமம் வாங்கிய யாரும் அரசுப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் துப்பாக்கியை மறைத்து எடுத்துவரலாம். 2016 ஆகஸ்ட் 1இலிருந்து. முருகேசன் சொன்ன கோபுரச் சம்பவத்துக்குச் சரியாக ஐம்பது வருடம் ஆன அதே தேதி. யார் பார்த்து வைத்தார்களோ.

சேலம்_சித்ரா

தங்கம், அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

தேவி சொன்னபடி அந்தப் பல்கலைக்கழகத்தின் குற்றப் பதிவேட்டை இணையத்தில் திறந்து பார்த்தேன். பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சைக்கிள் திருட்டு, ஸ்கூட்டர் திருட்டு, நூலகத்தில் லேப்டாப் திருட்டு என்றே பக்கம் பக்கமாகப் போகிறது. நடுவில் ஒன்றிரண்டு பின்தொடர்தல் புகார், ஒரு தாக்குதல். கடைசிப் பத்தியில் வழக்கு நிலைமை என்று போட்டிருக்கிறார்கள். சிலவற்றுக்கு "கைது", சிலவற்றுக்கு "விசாரணையில்". அந்தப் பின்தொடர்தல் புகார் ஒன்றுக்கு "விதிவிலக்காக முடிக்கப்பட்டது" என்று இருக்கிறது. அப்படியென்றால்?

டிஸ்பாட்ச்_தேவி

ஆள் யார் என்று தெரிந்திருக்கும், ஆதாரமும் இருக்கும், ஆனால் கைது நடந்திருக்காது. குற்றவாளி இறந்திருக்கலாம். வழக்கு வேண்டாம் என்று வழக்கறிஞர் மறுத்திருக்கலாம். பாலியல், பின்தொடர்தல் புகார்களில் அடிக்கடி நடப்பது, புகார் கொடுத்தவர் மேற்கொண்டு போக விரும்பாதது. பல்கலைக்கழக விசாரணையே போதும் என்று முடிவெடுத்திருப்பார்கள், அல்லது களைத்துப்போயிருப்பார்கள். பதிவேட்டில் அந்த வித்தியாசம் தெரியாது.

கேள்விக்குறி

சித்ரா அம்மா, அந்த வரிகளைத்தான் எண்ண வேண்டும். சைக்கிளை விட்டுவிடுங்கள். ஒரு வருடத்தில் எத்தனை பாலியல் புகார், அதில் எத்தனை இப்படி முடிந்தன என்று பாருங்கள். ஆண்டறிக்கையில் எண்ணிக்கை பூஜ்யம் என்று போட்டிருக்கும் பெரிய வளாகத்தை நான் நம்ப மாட்டேன். அங்கே குற்றம் இல்லை என்பதைவிடப் புகார் கொடுக்க ஆள் இல்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

டிஸ்பாட்ச்_தேவி

இதில் நானும் கேள்விக்குறியும் ஒரே கட்சி.

சேலம்_சித்ரா

பெண் இப்போதே எண்ண ஆரம்பித்துவிட்டாள், பேனாவும் பேப்பருமாக. ஓரியன்டேஷனில் போலீஸ் துறைக்காரர்கள் வந்து பேசுவார்களாம். ஆண்டறிக்கையில் இருக்கும் எண்ணுக்கும் டைட்டில் நைன் அலுவலகத்துக்கு வரும் புகார் எண்ணுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கையைத் தூக்கிக் கேட்கப்போகிறாளாம். கேட்கலாம்தானே தேவி?

டிஸ்பாட்ச்_தேவி

தாராளமாக. வளாகத்துக்கு வெளியே, தனியார் அபார்ட்மென்டில் நடந்தவை எங்கள் கணக்கில் வராது என்று பதில் சொல்வார்கள், அது உண்மையும்கூட. அவள் வெளியே வீடு எடுக்கிறாள் என்றால் அந்தத் தெருவுக்கு யார் வருவார்கள், கேம்பஸ் போலீஸா ஊர் போலீஸா என்று அடுத்த கேள்வியாகக் கேட்கட்டும்.